தீ விபத்தைத் தொலைபேசி வழி அறிவித்தல்

தீ விபத்தைத் தொலைபேசி வழி அறிவித்தல் என்பது, ஓரிடத்தில் தீப்பற்றியதைக் காண்பவர் அச்செய்தியைத் தீயணைப்பு நிலையத்துக்கோ அவசர உதவிக் கட்டுப்பாட்டு அறைக்கோ தொலைபேசியில் தெரிவித்து உதவி கோருவதைக் குறிக்கும். இந்தியாவில் தீயணைப்புக்கான எண் 101 ஆகும். காவல், தீயணைப்பு, மருத்துவம் ஆகிய அனைத்து அவசர உதவிகளுக்கும் உரிய பொது எண் 112 ஆகும். இரண்டும் கட்டணமற்ற அழைப்புகள். தமிழ்நாட்டில் இவ்வழைப்புகளின் பேரில் களத்துக்குச் செல்வது தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை ஆகும்.

அழைப்பில் கூறப்படும் செய்திகளுள் முதன்மையானது இடம். என்ன எரிகிறது என்பது தெரியாவிட்டாலும் தீயணைப்பு வண்டி புறப்பட இயலும். எங்கு எரிகிறது என்பது தெரியாமல் புறப்பட இயலாது. கதவு எண்ணும் தெருப்பெயரும் உள்ள நகரங்களில் இது எளிது. சிற்றூர்களிலும் மானாவாரி நிலங்களிலும் இடத்தை விளக்குவதற்குத் தனிக் கவனம் தேவை. இக்கட்டுரை, விருதுநகர் மாவட்டம் அருப்புக்கோட்டை வட்டத்தைச் சேர்ந்த பந்தல்குடியையும் அதைச் சூழ்ந்த வறண்ட நிலப்பகுதியையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குகிறது.

வரலாறு

தொலைபேசி பரவிய தொடக்க காலத்தில் தீயை அறிவிக்கத் தனி எண் எதுவும் இருக்கவில்லை. அழைப்பவர் இணைப்பகப் பணியாளரிடம் கூறி, அவர் வழியாகவே தீயணைப்பு நிலையத்தைத் தொடர்பு கொள்ள வேண்டியிருந்தது. 1935 நவம்பரில் இலண்டன் விம்போல் தெருவிலுள்ள ஒரு வீட்டில் ஏற்பட்ட தீயில் ஐந்து பெண்கள் உயிரிழந்தனர். அண்டை வீட்டார் ஒருவர் தீயணைப்புப் படையை அழைக்க முயன்றபோது, அவரது அழைப்பு இணைப்பகத்தில் மற்ற அழைப்புகளுடன் வரிசையில் காத்திருக்க நேர்ந்தது. அவர் இதனை நாளிதழுக்கு எழுதியதைத் தொடர்ந்து அரசு ஆய்வு மேற்கொண்டது. அதன் விளைவாக 1937 ஜூன் 30 அன்று இலண்டனில் 999 என்ற அவசர எண் அறிமுகமானது. அமெரிக்காவில் 911 என்ற எண்ணுக்கான முதல் அழைப்பு 1968 பெப்ரவரி 16 அன்று அலபாமா மாநிலத்தின் ஹேலிவில் நகரில் செய்யப்பட்டது. ஐரோப்பியச் சமூகம் 1991இல் 112 என்ற எண்ணைப் பொது அவசர எண்ணாக ஏற்றது.

இந்தியாவில் காவல்துறைக்கு 100, தீயணைப்புக்கு 101, மருத்துவ ஊர்திக்கு 102 எனத் தனித்தனி எண்கள் நெடுங்காலமாக வழக்கில் உள்ளன. தமிழ்நாட்டில் 108 மருத்துவ ஊர்திச் சேவை 2008இல் தொடங்கப்பட்டது. எண்கள் பெருகியதால் ஏற்பட்ட குழப்பத்தைக் குறைக்க, 112 என்ற ஒற்றை எண்ணை இந்திய அரசு தேர்ந்தது. 2018 நவம்பரில் இமாச்சலப் பிரதேசத்தில் தொடங்கிய இத்திட்டம், 2019 பெப்ரவரி 19 அன்று தமிழ்நாடு உள்ளிட்ட 16 மாநிலங்களுக்கும் ஒன்றியப் பகுதிகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. 112 வந்த பின்னரும் 101 தொடர்ந்து இயங்குகிறது.

நேரத்தின் முதன்மை

தீயணைப்புப் பொறியியலில், வளரும் தீயின் வெப்ப வெளியீட்டு வீதம் நேரத்தின் இருமடிக்கு விகிதசமம் எனக் கொள்வது வழக்கம். நேரம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகிறது. இக்கணக்கில் 'விரைவுத் தீ' என வகைப்படுத்தப்படுவது 150 நொடிகளில் ஏறத்தாழ 1 மெகாவாட் அளவை எட்டுகிறது. எரிபொருளும் காற்றும் தடையின்றிக் கிடைத்தால் 300 நொடிகளில், அதாவது ஐந்து நிமிடங்களில், அது 4 மெகாவாட் அளவைத் தாண்டிவிடும். ஆகவே தொடக்கத்தில் தவறவிடும் ஒவ்வொரு நிமிடமும் தீயின் அளவைப் பன்மடங்காக்குகிறது. காய்ந்த ஓலைக் கூரை, வைக்கோல் முதலியவற்றில் தீ இன்னும் கடுகிப் பரவும். 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகளைப் பலிகொண்ட கும்பகோணம் பள்ளித் தீ, சமையற்கூடத்திலிருந்து கீற்றுக் கூரைக்குத் தாவியதாகும்.

இந்தியாவின் தீயணைப்பு ஆலோசனைக் குழு, தீயணைப்பு வண்டி நகரங்களில் 5 முதல் 7 நிமிடங்களுக்குள்ளும் நாட்டுப்புறங்களில் 20 நிமிடங்களுக்குள்ளும் சென்றடைய வேண்டும் எனப் பரிந்துரைத்துள்ளது. பந்தல்குடி, அருப்புக்கோட்டைக்குத் தெற்கே பத்துக் கிலோமீட்டருக்கும் மேலான தொலைவில் உள்ளது. வண்டி மணிக்கு 60 கி.மீ வேகத்தில் தங்குதடையின்றி ஓடினாலும் அத்தொலைவைக் கடக்கப் பத்து நிமிடங்களுக்கு மேல் ஆகும். பயண நேரத்தைக் குறைப்பது அழைப்பவரின் கையில் இல்லை. தீயைக் கண்டதற்கும் அழைத்ததற்கும் இடைப்பட்ட நேரத்தையும், வண்டி வழி தேடி அலையும் நேரத்தையும் குறைப்பது அவர் கையில் உள்ளது.

தொடர்பு எண்கள்

* 101 – தீயணைப்பு மற்றும் மீட்பு
* 112 – அனைத்து அவசர உதவிகளுக்குமான பொது எண்
* 108 – மருத்துவ ஊர்தி
* 1906 – சமையல் எரிவாயுக் கசிவு (2016 சனவரி முதல்)
* 94987 94987 – மின் புகார்களுக்கான 'மின்னகம்' சேவை (2021 ஜூன் முதல்)
* 1077 – மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை
* 1033 – தேசிய நெடுஞ்சாலை உதவி

தீ எரியும்போது முதலில் அழைக்க வேண்டியது 101 அல்லது 112 மட்டுமே. மற்றவை அதன் பின்னரே. திரை பூட்டப்பட்ட கைபேசியிலிருந்தும் 'அவசர அழைப்பு' என்னும் வசதி வழியாக 112ஐ அழைக்க முடியும். ஒரு எண்ணில் இணைப்புக் கிடைக்காவிடில் உடனே மற்றதை முயல வேண்டும்.

அழைப்பு செல்லும் வழி

நிலவழித் தொலைபேசியில் அழைக்கும்போது, அந்த இணைப்பு எந்த இணைப்பகத்தைச் சேர்ந்தது என்பது தெரிந்திருப்பதால் அழைப்பு அப்பகுதிக்கு உரிய நிலையத்துக்கோ கட்டுப்பாட்டு அறைக்கோ அனுப்பப்படுகிறது. கைபேசி அழைப்போ அதனை ஏற்கும் கோபுரத்தைப் பொறுத்துச் செல்கிறது. கோபுரம் அடுத்த ஊரிலோ அடுத்த மாவட்டத்திலோ இருக்கலாம். பந்தல்குடிப் பகுதி தூத்துக்குடி மாவட்ட எல்லையை ஒட்டியுள்ளது. இத்தகைய எல்லைப்புற ஊர்களில் அழைப்பை ஏற்பவர் எம்மாவட்டத்தைச் சேர்ந்தவர் என்பதை முன்கூட்டியே சொல்ல இயலாது. பொது எண்ணில் அழைப்பை ஏற்பவர் நிகழ்விடத்திலிருந்து வெகு தொலைவிலும் அமர்ந்திருக்கக்கூடும். அவருக்கு உள்ளூர்ப் பெயர்கள் பழக்கமானவை என எண்ணிவிடக் கூடாது. மாவட்டம், வட்டம், ஊர் என்ற வரிசையில் கூறுவது இதற்காகவே.

112 அமைப்பு அழைப்பவரின் இருப்பிடத்தைக் கைபேசி வலையமைப்பின் துணைகொண்டு மதிப்பிட முயல்கிறது. கோபுரங்கள் நெருக்கமாக உள்ள நகரத்தில் இது ஓரளவு பொருந்தி வரும். கோபுரங்கள் விலகி நிற்கும் நாட்டுப்புறத்தில் இம்மதிப்பீடு கிலோமீட்டர் கணக்கில் பிசகலாம். எனவே வாய்மொழியாகக் கூறப்படும் முகவரிக்கு மாற்று இல்லை.

வேலைக்காக வெளியூர் சென்றவர்கள் சொந்த ஊரில் தீப்பற்றிய செய்தியைக் கைபேசியில் அறிந்து, தாங்கள் இருக்கும் இடத்திலிருந்தே 101ஐ அழைப்பதுண்டு. சென்னையிலிருந்து அழைத்தால் அவ்வழைப்பு சென்னைப் பகுதிக்கு உரிய இடத்துக்கே செல்லும். இத்தகையோர் உள்ளூர்த் தீயணைப்பு நிலையத்தின் நேரடி எண்ணைத் தொலைபேசிக் குறியீட்டுடன் (அருப்புக்கோட்டைக்கு 04566) முன்பே குறித்து வைத்திருப்பது பயன்தரும். அவ்வெண் இல்லாவிடில், ஊரில் இருப்பவரையே உடனே அழைக்கச் சொல்லுதல் நன்று.

கூற வேண்டிய விவரங்கள்

அழைப்பு இடையில் துண்டிக்கப்படலாம் என்பதால், இன்றியமையாத செய்தி முதலில் வர வேண்டும். கீழ்க்காணும் வரிசை பொருத்தமானது.

1. தீ விபத்து என்பது.
2. இடம்: மாவட்டம், வட்டம், ஊர், ஊருக்குள் அல்லது ஊரிலிருந்து செல்லும் வழி.
3. எரிவது எது: வீடு, கூரை, படப்பு, கடை, ஆலை, வாகனம், புதர்க்காடு முதலியன.
4. உள்ளே எவரேனும் சிக்கியுள்ளனரா, காயமுற்றோர் உள்ளனரா என்பது.
5. அருகிலுள்ள இடர்கள்: எரிவாயு உருளை, டீசல், மின்கம்பி, பட்டாசு, வேதிப்பொருள்.
6. வண்டி செல்லும் பாதையின் நிலையும் அருகிலுள்ள நீர்நிலையும்.
7. அழைப்பவரின் பெயரும் தொலைபேசி எண்ணும்.

எரிவது எது என்பதைப் பொறுத்தே நீர் வண்டி போதுமா, நுரை வேண்டுமா, கூடுதல் வண்டிகள் வேண்டுமா என்பது முடிவாகிறது. எண்ணெய்த் தீயில் நீரைப் பாய்ச்சினால் எரியும் எண்ணெய் சிதறிப் பரவும் என்பதால் இவ்விவரம் முதன்மை பெறுகிறது.

நீர்நிலை பற்றிய செய்தி வறண்ட பகுதிகளில் சிறப்பாகத் தேவைப்படுகிறது. பரவலாக வழக்கிலுள்ள தீயணைப்பு நீர் வண்டியின் கொள்ளளவு 4500 லிட்டர். நிமிடத்துக்கு 450 லிட்டர் வீதம் பாய்ச்சினால் அது பத்தே நிமிடங்களில் தீர்ந்துவிடும். கோடையில் பெரும்பாலான கண்மாய்களும் ஊருணிகளும் வற்றிக் கிடக்கும் இப்பகுதியில், தண்ணீர் உள்ள கிணறு, ஆழ்துளைக் கிணறு, மேல்நிலைத் தொட்டி ஆகியவை எங்குள்ளன என்பது உள்ளூரார் மட்டுமே அறிந்த செய்தி.

இடத்தை அடையாளப்படுத்தல்

பந்தல்குடியைச் சூழ்ந்த பகுதி கரிசல் மண் கொண்ட மானாவாரி நிலம். ஊர்களுக்கு இடையே சீமைக்கருவேலம் அடர்ந்த தரிசுகள் உள்ளன. அம்மரத்தை வெட்டி மூட்டமிட்டுக் கரியாக்குவது இவ்வட்டாரத் தொழில்களுள் ஒன்று. அறுவடைக்குப் பின் சோளத்தட்டையும் வைக்கோலும் படப்புகளாக அடுக்கப்படுகின்றன. இவை யாவும் கோடையில் எளிதில் தீப்பற்றக் கூடியவை; இவை இருக்கும் இடங்களுக்கு முகவரி என ஒன்று இருப்பதில்லை. இந்நிலையில் கீழ்க்காணும் முறைகள் பயன்படுகின்றன.

* வண்டி வரும் திசையிலிருந்து வழி கூறுதல். ஊரார் வழக்கமாகத் தம் வீட்டிலிருந்தோ ஊர்ச் சாவடியிலிருந்தோ வழி சொல்வர். ஓட்டுநரோ அருப்புக்கோட்டையிலிருந்து வருகிறார். அவருக்கு இடப்புறம் எது, வலப்புறம் எது என்பதை அவர் வரும் போக்கிலேயே கூற வேண்டும்.
* ஊர்ப்பெயருடன் அடையாளம் சேர்த்தல். புதூர், புதுப்பட்டி, மேட்டுப்பட்டி போன்ற பெயர்கள் பல வட்டங்களில் உள்ளன. ஊராட்சியின் பெயரையோ அருகிலுள்ள பெரிய ஊரின் பெயரையோ சேர்த்துக் கூறினால் வண்டி வேறு ஊருக்குச் செல்லாது.
* சாலையின் எப்பக்கம் என்று கூறுதல். மதுரை – தூத்துக்குடி நான்குவழிச் சாலை இப்பகுதியின் ஊடே செல்கிறது. நடுவில் தடுப்பு உள்ளதால், தவறான பக்கத்தில் வரும் வண்டி திரும்புமிடம் வரை சென்று மீள வேண்டும். 'தூத்துக்குடி செல்லும் பக்கம்', 'மதுரை செல்லும் பக்கம்' எனக் குறிப்பிடுதல் தெளிவானது.
* கிலோமீட்டர் கல். தேசிய நெடுஞ்சாலையின் கற்கள் மஞ்சள் தலைப்பும், மாநில நெடுஞ்சாலையின் கற்கள் பச்சைத் தலைப்பும் கொண்டவை. கல்லில் உள்ள ஊர்ப்பெயரையும் தொலைவையும் படித்துச் சொன்னால் இடம் ஏறத்தாழத் துல்லியமாகிவிடும்.
* நிலையான அடையாளங்கள். கோயில், பள்ளி, நியாயவிலைக் கடை, மேல்நிலைத் தொட்டி, மின்மாற்றி, கல்குவாரி, கண்மாய்க்கரை ஆகியவை பொருத்தமானவை. 'முன்பு கடை இருந்த இடம்', இன்னார் தோட்டம் என்பன வெளியூராருக்கு விளங்கா.
* ஆயத்தொலைவுகள். திறன்பேசியின் வரைபடச் செயலியில் தெரியும் அகலாங்கு, நெட்டாங்கு எண்களை ஒவ்வோர் இலக்கமாகப் படித்துக் கூறலாம். இதனைத் தேடுவதற்காக அழைப்பைத் தாமதிக்கக் கூடாது.

இரவில் தொலைவில் தெரியும் தீயின் தூரத்தைக் கண்ணால் மதிப்பிடுவது கடினம். அப்பொழுது, நிற்கும் இடத்தையும் தீ தெரியும் திசையையும் தனித்தனியே கூறுதல் வேண்டும்.

உரையாடல் எடுத்துக்காட்டு

கீழே தரப்பட்டுள்ளது விளக்கத்துக்காகப் புனையப்பட்ட உரையாடலாகும். அழைப்பவர் பேச்சு வழக்கிலேயே பேசலாம். சொற்களின் தூய்மை இங்கு பொருட்டன்று.

நிலையம்: தீயணைப்பு நிலையம். சொல்லுங்க.
அழைப்பவர்: சார், தீப்பிடிச்சிருக்கு. விருதுநகர் மாவட்டம், அருப்புக்கோட்டை தாலுகா, பந்தல்குடி.
நிலையம்: ஊருக்குள்ளயாம்மா, வெளியவா?
அழைப்பவர்: வெளிய சார். அருப்புக்கோட்டையில இருந்து வந்தா, ஊரைத் தாண்டி எட்டயபுரம் போற ரோட்டுல ரெண்டு கிலோமீட்டர். இடது கைப் பக்கம் அய்யனார் கோயில் ஆர்ச்சு இருக்கும். அதுல திரும்பி மண்பாதையில அரைக் கிலோமீட்டர்.
நிலையம்: என்ன எரியுது?
அழைப்பவர்: சோளத்தட்டைப் படப்பு சார். பக்கத்துல ரெண்டு கூரை வீடு இருக்கு. காத்து வீட்டுப் பக்கமா அடிக்குது.
நிலையம்: உள்ள ஆள் யாரும் இருக்காங்களா?
அழைப்பவர்: எல்லாரும் வெளிய வந்துட்டாங்க. மாட்டையும் அவுத்து விட்டாச்சு.
நிலையம்: வண்டி உள்ள வருமா? தண்ணி இருக்கா?
அழைப்பவர்: டிராக்டர் போற பாதை சார், வண்டி வரும். ஒரு எடத்துல கரண்டு வயரு தாழ்வாத் தொங்குது. பக்கத்துக் கிணத்துல தண்ணி கெடக்கு, மோட்டார் இருக்கு.
நிலையம்: ஒங்க பேரு, நம்பர் சொல்லுங்க.
(அழைப்பவர் கூறுகிறார்.)
நிலையம்: வண்டி கெளம்புதும்மா. ஆர்ச்சுப் பக்கத்துல ஒரு ஆளை நிக்க வைங்க. போனை ஆப் பண்ணிடாதீங்க.

இவ்வுரையாடல் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். காற்றின் திசை, தாழ்ந்த மின்கம்பி ஆகிய இரண்டும் கேட்கப்படாமலே கூறப்பட்டவை. களத்துக்கு வருவோருக்கு அவை மிகவும் உதவும்.

அழைத்த பின் செய்ய வேண்டியவை

* ஏற்பவர் முடிக்கும் வரை அழைப்பைத் துண்டிக்கக் கூடாது. பின்னர் அந்த எண்ணில் வேறு எவருடனும் நெடுநேரம் பேசக் கூடாது. ஓட்டுநர் வழி கேட்டு அழைக்கக்கூடும்.
* முதன்மைச் சாலையிலிருந்து பிரியும் இடத்தில் ஒருவர் நிற்க வேண்டும். இரவில் கைவிளக்கு வைத்திருத்தல் நன்று.
* பாதையில் நிற்கும் வண்டிகளையும் மாட்டுவண்டிகளையும் அகற்ற வேண்டும்.
* மின் இணைப்பைத் துண்டிக்க மின்வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மின்சாரம் நிற்கும் முன் மின்கம்பி, மின்பெட்டி ஆகியவற்றின் மீது நீர் ஊற்றக் கூடாது.
* நிலைமை மாறினால் மீண்டும் அழைக்க வேண்டும். தீ தானே அணைந்துவிட்டாலும் அதனைத் தெரிவிப்பது கடமை; அவ்வண்டி வேறோர் இடத்துக்குத் தேவைப்படலாம்.

சிறப்புச் சூழல்கள்

பட்டாசு ஆலைகள்

விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதிகள் பட்டாசுத் தொழிலுக்குப் பெயர்பெற்றவை. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகேயுள்ள முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலையில் ஏற்பட்ட விபத்தில் ஏறத்தாழ நாற்பது பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பலர் ஆலைத் தொழிலாளர் அல்லர். முதல் வெடிப்புக்குப் பின் உதவுவதற்காகவும் பார்ப்பதற்காகவும் ஓடி வந்து, அடுத்த வெடிப்பில் சிக்கியவர்கள். வெடிபொருள் உள்ள இடத்தில் தீப்பற்றினால் முதலில் வெகுதொலைவு விலகிச் செல்ல வேண்டும். அங்கிருந்தே அழைக்க வேண்டும். பட்டாசு ஆலை அல்லது கிடங்கு என்பதை முதல் தொடரிலேயே கூற வேண்டும்.

எரிவாயுக் கசிவு

கசியும் அறைக்குள் நின்று தொலைபேசியைப் பயன்படுத்தவோ மின்விசையைத் தொடவோ கூடாது. வெளியே வந்த பின்னரே அழைக்க வேண்டும்.

மீட்பு அழைப்புகள்

101 தீக்கு மட்டும் உரியதன்று. கிணற்றில் தவறி விழுந்த மனிதர், கால்நடை, இடிபாடுகளில் சிக்கியோர் ஆகியோரை மீட்கவும் இதே எண்ணை அழைக்கலாம். மீட்பு அழைப்பில் கிணற்றின் ஏறத்தாழ ஆழம், நீர் மட்டம், படிகள் உள்ளனவா என்பவற்றைக் கூறுவது பயன்தரும்.

தாமதத்துக்கான காரணங்கள்

தீயைக் கண்டவர்கள் அழைக்கத் தாமதிப்பதற்கு முதன்மையான காரணம், வேறு எவரேனும் அழைத்திருப்பார் என்ற எண்ணமாகும். அமெரிக்க உளவியலாளர்கள் பிப் லட்டானே, ஜான் டார்லி ஆகியோர் 1968இல் வெளியிட்ட ஆய்வில், வினாத்தாள் நிரப்பிக் கொண்டிருந்தோரின் அறைக்குள் புகை செலுத்தப்பட்டது. தனியாக இருந்தவர்களுள் 75 விழுக்காட்டினர் புகையை அறிவித்தனர். புகையைப் பொருட்படுத்தாதவாறு நடித்த இருவருடன் அமர்ந்திருந்தவர்களுள் 10 விழுக்காட்டினரே அறிவித்தனர். கூட்டம் கூடியிருக்கிறது என்பது அழைப்பு சென்றுவிட்டது என்பதற்குச் சான்றாகாது. ஒரே தீக்குப் பல அழைப்புகள் வருவதால் தீங்கில்லை. ஓர் அழைப்பும் வராததே தீங்கு.

தாமே அணைத்துவிடலாம் என்ற நம்பிக்கை மற்றொரு காரணம். குடங்களில் நீர் ஊற்றுவதும் மணல் வீசுவதும் தவறல்ல. ஆனால் ஒருவர் அணைக்கத் தொடங்கும்போதே இன்னொருவர் அழைத்துவிட வேண்டும். உறவினரை முதலில் அழைப்பதும், காணொளி எடுப்பதும், அழைத்தவர் வழக்கில் சிக்க நேரிடும் என்ற அச்சமும் பிற காரணங்கள். வீட்டில் தனித்திருக்கும் சிறுவரும் முதியோரும் அழைக்கும் முறையை அறிந்திருப்பது நன்று. ஊர், வட்டம், மாவட்டம், வீட்டுக்கு வரும் வழி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வைத்தால், பதற்றத்திலும் அதைப் பார்த்துப் படிக்கலாம்.

பொய் அழைப்புகள்

தீப்பற்றியதாகப் பொய்யாக அழைப்பது, உண்மையான விபத்துக்குச் செல்ல வேண்டிய வண்டியை வேறிடத்துக்குத் திருப்பிவிடுகிறது. அரசு ஊழியருக்குப் பொய்த் தகவல் அளித்துச் செயற்பட வைப்பது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 217ஆம் பிரிவின் கீழ் தண்டனைக்குரியது. முன்னர் இது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 182ஆம் பிரிவில் இடம்பெற்றிருந்தது. தீ என நம்பி நல்லெண்ணத்துடன் அழைத்து, பின்னர் அது வெறும் புகை எனத் தெரியவருவது இதில் அடங்காது.

பிற நாடுகளில்

தமிழர் வாழும் சில நாடுகளில் தீயை அறிவிப்பதற்கான எண்கள்:

* இலங்கை – 110
* சிங்கப்பூர் – 995
* மலேசியா – 999
* ஐக்கிய இராச்சியம் – 999
* கனடா, ஐக்கிய அமெரிக்கா – 911
* ஆஸ்திரேலியா – 000
* பிரான்சு, செருமனி உள்ளிட்ட ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் – 112
* சுவிட்சர்லாந்து – 118
* நோர்வே – 110

இவற்றையும் பார்க்க

* தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை
* அவசரத் தொலைபேசி எண்
* தீயணைப்பான்
* கும்பகோணம் பள்ளித் தீ விபத்து
* பந்தல்குடி